ஜி3 குதிரை: ஒரு தோல்வி பிறந்த இடம்

44-ஆவது செஸ் ஒலிம்பியாடின் பத்தாவது சுற்று 2022 ஆகஸ்ட் 8 அன்று மாமல்லபுரத்தில் நடந்தது. இந்தியாவின் இரண்டாம் அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. முதல் பலகையில் ஒருபக்கம் 16 வயது குகேஷ், மறுபக்கம் 17 வயது நோதிர்பெக் அப்துசத்தோரோவ். குகேஷ் அதுவரை ஆடிய ஒன்பது ஆட்டங்களில் எட்டை வென்று ஒன்றை டிரா செய்திருந்தார். எட்டாவது சுற்றில் அவரிடம் தோற்றவர் அமெரிக்காவின் ஃபேபியானோ கருவானா. அப்துசத்தோரோவும் சாமானியர் அல்லர். 2021 டிசம்பரில், 17 வயதிலேயே, உலக ரேபிட் சாம்பியன் பட்டத்தை வென்றவர். இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள், பள்ளிப் பருவத்தை இன்னும் முழுதாகத் தாண்டாதவர்கள்.

நீண்ட அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியில் மேல்கை குகேஷுக்கே இருந்தது. பிறகு சாதகம் கரைந்தது. டிராவில் முடிக்க வழி இருந்தும் அவர் வெற்றியைத் தேடித் தொடர்ந்தார். கடிகாரத்தில் நேரம் ஏறக்குறைய தீர்ந்துவிட்ட நிலையில் ஒரு குதிரையைப் பறிகொடுத்துத் தோற்றார். பிரக்ஞானந்தா ஜவோகிர் சிந்தாரோவை வென்றதால் அணிப் போட்டி 2-2 என்று சமனானது. மறுநாள் ஒலிம்பியாட் முடிந்தபோது உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், ஆர்மீனியாவுக்கு வெள்ளி, இந்தியாவின் இரண்டாம் அணிக்கு வெண்கலம். முதல் இரு அணிகளும் 19 புள்ளிகள், நம் அணி 18.

அந்த அரங்கம் நின்ற மண் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. செங்கல்பட்டு தனி மாவட்டமானதும் வருவாய்க் கணக்கு பிரிந்தது. ஆனால் பல்லவர் காலத்தில் காஞ்சி தலைநகராகவும் மாமல்லை அதன் துறைமுகமாகவும் இருந்த உறவை எந்த அரசாணையும் பிரித்துவிட முடியாது. காஞ்சியிலிருந்து பார்க்கும்போது அது நம்மூர்ப் பந்தயம்தான். நம் மண்ணில் ஒரு பையன் தங்கத்தை நெருங்கி வந்து தவறவிட்ட நாள் என்று அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. அவர்களிடம் காரணம் கேட்டால் ஒரே பதில் வரும்: கடைசியில் ஒரு தப்பு பண்ணிட்டான்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. உயர்மட்ட செஸ்ஸில் தோல்வியைத் தீர்மானிக்கும் நகர்த்தல், அது ஆடப்படும் நிமிடத்தில் பிறப்பதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அது பல நகர்த்தல்களுக்கு முன்போ, சில வேளை பல நாட்களுக்கு முன்போ கருக்கொள்கிறது. பட்டுச் சேலையின் உடலில் கோடு விழுந்தால் அனுபவமுள்ள காஞ்சி நெசவாளர் ஓடுகிற நாடாவைக் குறை சொல்லி நிறுத்திக்கொள்ள மாட்டார். பாவு பிணைத்தபோது எந்த இழை தளர்ந்தது என்று பின்னோக்கித் தேடுவார். செஸ் ஆட்டத்தையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். அப்படி வாசிப்பதற்கு மிகவும் ஏற்ற ஓர் ஆட்டம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. மாமல்லபுரத்து ஆட்டத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, சென்னையில். மொத்தம் 28 நகர்த்தல்கள்தான். அதை முதலில் முழுதாகப் பார்த்துவிடுவோம்.

சென்னை, 2013 நவம்பர் 21

உலக சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்துக்கும் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சனுக்கும் இடையிலான பட்டப் போட்டி சென்னை ஹயாத் ரீஜென்சி ஹோட்டலில் 2013 நவம்பர் 9 அன்று தொடங்கியது. மொத்தம் 12 ஆட்டங்கள்; முதலில் ஆறரைப் புள்ளி எடுப்பவருக்குப் பட்டம். ஆனந்துக்கு வயது 43, கார்ல்சனுக்கு 22. முதல் நான்கு ஆட்டங்களும் டிரா. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அடுத்தடுத்து ஆனந்த் தோற்றார். இரண்டும் யானைகளும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சிய இறுதிக்கட்டம் வரை போன ஆட்டங்கள். டிராவுக்குரியவை என்று பலரும் எண்ணியிருந்த நிலைகளை மணிக்கணக்கில் பிழிந்து கார்ல்சன் வெற்றியாக்கினார். ஐந்தாவது ஆட்டம் 58 நகர்த்தல், ஆறாவது 67. அதற்கடுத்த இரண்டும் டிரா. ஆக, ஒன்பதாவது ஆட்டத்துக்கு இருவரும் உட்கார்ந்தபோது கணக்கு கார்ல்சன் 5, ஆனந்த் 3.

இந்தக் கணக்கை மறந்துவிட்டு ஒன்பதாவது ஆட்டத்தின் எந்த நகர்த்தலையும் புரிந்துகொள்ள முடியாது. டிரா ஆனால் ஐந்தரை-மூன்றரை. மிச்சமிருக்கும் மூன்று ஆட்டங்களில் கார்ல்சனுக்கு ஒரே ஒரு புள்ளி போதும். ஆனந்த் இரண்டரை எடுத்தால்தான் டைபிரேக்கராவது கிடைக்கும். உலகின் முதல் தர ஆட்டக்காரரிடம் மூன்றில் இரண்டரை என்பது பேச்சுக்கு மட்டும்தான். ஆனந்துக்கு அன்று தோல்விக்கும் டிராவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் அவர் வழக்கமான ராஜா சிப்பாயை விட்டுவிட்டு ராணி சிப்பாயை முதலில் நகர்த்தினார். கார்ல்சன் நிம்சோ-இந்தியன் தற்காப்பை எடுத்தார். நான்காவது நகர்த்தலில் ஆனந்த் சிப்பாயை எஃப்3-க்குத் தள்ளி, சேமிஷ் வகை அமைப்புக்குள் ஆட்டத்தைக் கொண்டுபோனார். வெள்ளைக்கு நடுப்பலகையில் பலமும் ராஜா பக்கத்தில் தாக்கும் வாய்ப்பும் தரும் அமைப்பு அது. அதற்கு ஈடாக ராணி பக்கத்தை எதிரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். எட்டாவது நகர்த்தலில் கார்ல்சன் தன் சிப்பாயை சி4-க்குத் தள்ளி அந்தப் பக்கத்தை மூடினார். அத்தோடு ஆட்டத்தின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது. வெள்ளை ஒருபக்கம் ராஜாவை நோக்கி ஓடும். கறுப்பு மறுபக்கம் சிப்பாயை ராணியாக்க ஓடும். யார் முந்துகிறார் என்பதுதான் கேள்வி.

14-ஆவது நகர்த்தலில் ஆனந்த் தன் குதிரையை ஜி3 கட்டத்தில் வைத்தார். இந்தக் குதிரையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் கடைசி நகர்த்தல் வரை அது அங்கிருந்து அசையவே இல்லை.

பிறகு வெள்ளைச் சிப்பாய்கள் அணிவகுத்தன. 16-இல் இ4, 18-இல் இ5, 19-இல் எஃப்4, 22-இல் எஃப்5. கறுப்பு ராஜாவைச் சுற்றி வளையம் இறுகியது. அரங்கில் இருந்தவர்களுக்கும் நேரலையில் பார்த்தவர்களுக்கும், இந்தத் தொடரில் முதன்முறையாக ஆனந்தின் பழைய வேகம் தெரிந்த மணித்துளிகள் அவை.

கார்ல்சனின் 22-ஆவது நகர்த்தல் என் பார்வையில் இந்த ஆட்டத்திலேயே மிகப் பெரிய நகர்த்தல். பி4-இல் நின்ற அவருடைய சிப்பாய் எதிரிச் சிப்பாயை சி3-இல் வெட்டியிருக்கலாம். அவர் வெட்டவில்லை. பி3-க்குத் தள்ளினார். தன் ராஜாவைச் சுற்றித் தீ மூள்வதைப் பார்த்துக்கொண்டே, ராணியாவதற்கு இன்னும் இரண்டே அடி என்று அறிவித்த நகர்த்தல் அது. பயம் இருந்தால் கை அங்கே போகாது. தாக்குதலை எவ்வளவு தூரம் தாங்கலாம், எந்தக் குதிரை எந்த நகர்த்தலில் ராஜாவைக் காக்க வந்து சேரும் என்பதை எண்ணி முடித்தவரால் மட்டுமே அதை ஆட முடியும்.

இப்போது ஆனந்த் யோசிக்க ஆரம்பித்தார். அரை மணி நேரத்துக்கும் மேலாக யோசித்தார். 23-ஆவது நகர்த்தலில் ராணியை எஃப்4-க்குக் கொண்டுவந்தார். அந்த யோசனையின் முடிவில் திட்டம் தெளிவாக இருந்தது: எஃப் சிப்பாய் ஆறாவது வரிசைக்கு, ராணி எச்4 வழியாக எச்6-க்கு, யானை எஃப்4-க்கு ஏறி அங்கிருந்து எச்4-க்கு, பிறகு எச்7-இல் மேட். அப்படியே நடந்தது. கார்ல்சனின் குதிரை ஏ6-இலிருந்து சி7, இ8 என்று இரண்டே தாவலில் வந்து ஜி7-ஐக் காத்து நின்றது. சிப்பாய் பி2-க்கு இறங்கியது. 27-இல் ஆனந்தின் யானை எஃப்4-க்கு ஏறியது. கார்ல்சனின் சிப்பாய் பி1-இல் ராணியாகி செக் சொன்னது. பலகையில் கறுப்புக்கு இப்போது இரண்டு ராணிகள்.

28-ஆவது நகர்த்தல்

வெள்ளை ராஜா ஜி1-இல். புதிய கறுப்பு ராணி பி1-இல். இடையே காலியாகக் கிடக்கும் முதல் வரிசை. செக்கை மறைக்க எஃப்1 கட்டத்தில் ஒரு காய் வந்து நிற்க வேண்டும். அங்கே வரக்கூடியவை மூன்று: ஜி2-இல் இருந்த மந்திரி, ஜி3-இல் இருந்த குதிரை, ஏறிப்போன யானை. யானை திரும்பினால் தாக்குதலே இல்லாமல் போகும். ஆகவே மந்திரியா, குதிரையா?

மந்திரியை வைத்தால் என்ன ஆகும்? கறுப்பு ராணி டி1-க்கு நகரும். வெள்ளை யானை எச்4-க்கு வந்து எச்7-இல் மேட் மிரட்டும். அந்த நொடியில் கறுப்பு ராணி குறுக்குக்கோட்டில் எச்5-க்குப் பாய்ந்து தன்னையே பலி கொடுக்கும். வெள்ளைக் குதிரை அதை வெட்ட, சிப்பாய் குதிரையை வெட்ட, யானை சிப்பாயை வெட்ட, கறுப்பு மந்திரி எஃப்5-க்கு வந்து எச்7-ஐக் காத்துவிடும். மேட் கிடையாது. பின்னால் நடந்த கணினிப் பகுப்பாய்வுகள் இந்த வழி டிராவை நோக்கிப் போவதாகக் காட்டின. கறுப்பு சரியாக ஆடினால் வெள்ளைக்கு அதற்கு மேல் இல்லை.

குதிரையை வைத்தால்? கறுப்பு ராணி அதே டி1-க்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். யானை எச்4, ராணி எச்5. இப்போது யானை ராணியை வெட்டும், சிப்பாய் யானையை வெட்டும். எஃப்1 குதிரை இ3-க்குத் தாவி டி5 சிப்பாயைக் குறிவைக்கும். கறுப்பின் நடுப்பலகை இடிந்துவிடும். வெள்ளை வெல்லும்.

எனவே மந்திரி டிராவுக்கான காய், குதிரை வெற்றிக்கான காய் என்று ஒரு கணம் தோன்றியிருக்கும். ஆனந்த் குதிரையை எடுத்து எஃப்1-இல் வைத்தார். கார்ல்சன் டி1-க்குப் போகவில்லை. ஒரு கட்டம் தள்ளி இ1-க்குப் போனார். அங்கிருந்து எஃப்2, ஜி3, எச்4 என்று ஒரு குறுக்குக்கோடு ஓடுகிறது. 14-ஆவது நகர்த்தலிலிருந்து அந்தக் கோட்டை மறித்து நின்ற காய் ஜி3 குதிரை. அது இடம்பெயர்ந்ததும் கோடு திறந்துவிட்டது. இனி யானை எச்4-க்குப் போனால் இ1 ராணி அதை வெட்டும். வெள்ளை ராணி அந்த ராணியை வெட்டினாலும் கறுப்புக்குப் பழைய ராணி டி8-இல் பத்திரமாக இருக்கிறது. வெள்ளைக்கு யானை போனது, தாக்குதலும் போனது. ஆனந்த் அப்போதே கை கொடுத்துத் தோல்வியை ஏற்றார். இ1-க்கு ராணி வருவதைத் தான் கவனிக்கவில்லை என்பதே ஆட்டத்துக்குப் பிந்தைய சந்திப்பில் அவர் தந்த விளக்கத்தின் சாரம்.

பார்வையாளர் இதை மறதி என்பார். அந்த மறதியின் வடிவத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஜி3 குதிரை 14 நகர்த்தல்களாக ஒரு காவலைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் அதைக் காவலாக யாரும் அங்கே வைக்கவில்லை. தாக்குதலுக்குத் துணைநிற்க வைத்த காய் அது. இ1-எச்4 கோட்டில் எதிரி ராணி வந்து நிற்கும் வாய்ப்பே ஆட்டத்தின் பெரும்பகுதியில் இல்லை; 27-ஆவது நகர்த்தலில்தான் அந்த வாய்ப்பு உண்டானது. அதற்கு முன் செய்த எந்தக் கணக்கிலும் அந்தக் குதிரை ஒரு தடுப்புச் சுவர் என்ற பெயரில் இடம்பெற்றிருக்காது. மனம் ஒரு காய்க்கு ஒரு வேலையை எழுதிவைத்துவிட்டால், அது சத்தமில்லாமல் செய்யும் இன்னொரு வேலை கண்ணில் படாது. சதுரங்கத்தில் மிகப் பெரிய மேதைகளின் பிழைகளும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

இன்னொன்றும் உண்டு. டிரா போதும் என்ற நிலையில் ஆனந்த் இருந்திருந்தால் கை தானாக மந்திரியைத் தேடியிருக்கும். டிராவுக்கு அன்று பயன் இல்லை என்பதால்தான் குதிரை கண்ணில் மின்னியது. டிராவுக்குப் பயன் இல்லாமல் போனது எப்போது? நவம்பர் 15, 16 தேதிகளில், ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களின் இறுதிக்கட்டங்களில். 28-ஆவது நகர்த்தலின் வேர் ஐந்து நாட்களுக்கு முன்னால் வேறு இரண்டு பலகைகளில் கிடக்கிறது. மறுநாள் பத்தாவது ஆட்டம் டிரா ஆகி, கார்ல்சன் ஆறரைக்கு மூன்றரை என்று பட்டத்தை வென்றார்.

அந்தத் தொடரில் ஆனந்த் ஆடிய மிக உயர்ந்த ஆட்டம் இந்த ஒன்பதாவது ஆட்டம்தான் என்பது என் முடிவு. தோற்றது உண்மை. ஆனால் 43 வயதில், சொந்த ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, பாதுகாப்பான வழிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு முழுப் பலகையையும் பணயம் வைத்தார். தோல்விப் பட்டியலில் ஒரு வரியாக அதைப் புதைப்பது அநியாயம்.

கடிகாரமும் கணக்கும்

மாமல்லபுரத்துக்குத் திரும்புவோம். அங்கே நேரக் கணக்கு வேறு. ஒலிம்பியாடில் முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், மிச்சத்துக்கு 30 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடி கூடுதல். 2013 பட்டப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம், அடுத்த 20-க்கு ஒரு மணி நேரம் இருந்தது. ஆனந்தின் பிழை கடைசி நொடிகளில் நடந்ததல்ல. குகேஷின் பிழை அங்கேதான் நடந்தது. 30 நொடி கூடுதலை மட்டும் நம்பி ஆடும் நிலைக்கு வந்துவிட்டால் ஆட்டக்காரருக்கு ஓய்வு என்பதே இல்லை. ஒரு நகர்த்தலை யோசித்து, ஆடி, கடிகாரத்தைத் தட்டி, தாளில் எழுதுவதற்குள் எதிரி ஆடிவிடுவார். மூச்சுவிடும் இடைவெளியும் எதிரியின் நேரத்தில்தான்.

குகேஷ் ஏன் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதுதான் கேள்வி. பதிலின் ஒரு பகுதி அவர் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. அவருடைய பயிற்சியாளர் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா, சிறுவயதில் அவரைக் கணினி எஞ்சின்களிடமிருந்து தள்ளியே வைத்திருந்தார். இந்தத் தலைமுறையில் அது அபூர்வம். மற்றப் பிள்ளைகள் எஞ்சின் சொன்ன விடையைப் பார்த்துப் பழகிய காலத்தில், இந்தப் பையன் ஒவ்வொரு நிலையையும் தானே தோண்டிப் பார்த்தான். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனான். கணக்கிடும் ஆழம் அங்கிருந்து வந்தது. ஆழமாகக் கணக்கிட நேரம் வேண்டும். பலமும் நேர நெருக்கடியும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்றை மட்டும் வெட்டி எறிய முடியாது.

இன்னொரு பகுதி அந்த ஒலிம்பியாடின் ஓட்டத்திலேயே இருக்கிறது. ஒலிம்பியாட் முதலில் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் போருக்குப் பின் 2022 மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது. நான்கே மாத அவகாசத்தில், பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட அணிகளுக்கு மாமல்லபுரத்தில் இடம் அமைத்தார்கள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியா கூடுதல் அணிகளை இறக்க முடிந்தது. ஆர்.பி. ரமேஷ் வழிநடத்திய இரண்டாம் அணியில் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, ரௌனக் சாத்வானி என்று நான்கு இளைஞர்கள். அனுபவத்துக்கு நாகையைச் சேர்ந்த பி. அதிபன். இந்த அணி பதக்கம் வெல்லும் என்று தொடக்கத்தில் சொன்னவர்கள் குறைவு. எட்டாவது சுற்றில் அமெரிக்காவை 3-1 என்று வீழ்த்தியதும் நாடு முழுக்க இவர்கள் பக்கம் திரும்பியது.

குகேஷ் ஒரு சுற்றைக்கூட விடாமல் பதினொன்றிலும் ஆடினார். எட்டு வெற்றிகளும் எப்படி வந்தன? எதிரி டிராவுக்கு ஏங்கும் இடத்தில் இவர் இன்னொரு நகர்த்தலைத் தேடியதால் வந்தன. பத்தாவது சுற்றில் டிராவை ஏற்காமல் போனதும் அதே குணம்தான். ஒன்பது சுற்றுகளில் பாராட்டிய குணத்தைப் பத்தாவது சுற்றில் குற்றம் என்று சொல்வது நேர்மை இல்லை. அந்தக் குணத்தின் விலை ஒருநாள் வசூலாகும் என்பது மட்டும்தான் உண்மை. அது தங்கத்துக்கான ஆட்டத்தில் வசூலானது நம் வருத்தம்.

தனிநபர் கணக்கில் குகேஷ் 11-க்கு 9 எடுத்து முதல் பலகையின் தங்கப் பதக்கத்தை வென்றார். அதே பலகையில் கார்ல்சனுக்குக் கிடைத்தது வெண்கலம். வெள்ளி அப்துசத்தோரோவுக்கு.

இங்கே ஒரு சிறு விலகல். இன்று பெரிய ஆட்டங்களைப் பெரும்பாலோர் நேரலையில் பார்க்கிறார்கள். திரையோரத்தில் கணினியின் மதிப்பீட்டுப் பட்டை ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு நகர்த்தலில் அது சடாரென்று சரிந்தால், பார்ப்பவர்கள் எல்லோரும் பிழை, பிழை என்கிறார்கள். சில நொடிகளில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. பட்டை எப்போது சரிந்தது என்று சொல்லும். ஏன் சரிந்தது என்று சொல்லாது. முந்தின இருபது நகர்த்தல்களில் அது பூஜ்ஜியத்திலேயே நின்றிருக்கும். ஆனால் அந்த இருபது நகர்த்தல்களில்தான் ஒருவருடைய நிலை எளிதாகவும் மற்றவருடைய நிலை கடினமாகவும் மாறியிருக்கும். ஒருவருக்குப் பத்து நல்ல நகர்த்தல்கள், மற்றவருக்கு ஒன்றே ஒன்று. இரண்டும் சமம் என்று இயந்திரம் சொல்லும். மனிதருக்கு அவை சமமே அல்ல.

சிங்கப்பூர், 2024 டிசம்பர் 12

உலக சாம்பியன் பட்டப் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். சீனாவின் டிங் லிரெனும் குகேஷும் ஆறரை-ஆறரை என்று சமமாக இருந்தார்கள். டிங் வெள்ளை. டிரா ஆனால் மறுநாள் வேக ஆட்டங்களில் டைபிரேக்கர். டிங் அதையே விரும்பினார் என்பதை அவருடைய நகர்த்தல்கள் காட்டின. ராணிகள் வெட்டுப்பட்டன, ராணி பக்கத்துச் சிப்பாய்கள் தீர்ந்தன. ஆளுக்கொரு யானை, ஒரே நிறக் கட்டங்களில் ஓடும் மந்திரி. குகேஷுக்கு ஒரே ஒரு சிப்பாய் கூடுதல். டிராதான் என்று உலகமே சொன்னது. குகேஷ் விடவில்லை. ஆபத்தே இல்லாமல் நகர்த்தி நகர்த்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். டிங்கின் கடிகாரம் குகேஷின் கடிகாரத்தைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.

55-ஆவது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2-க்குக் கொண்டுவந்து யானைகளை வெட்டிக்கொள்ள அழைத்தார். குகேஷ் வெட்டினார், ராஜா திருப்பி வெட்டியது, கறுப்பு மந்திரி டி5-க்கு வந்து வெள்ளை மந்திரியை நேருக்கு நேர் நிறுத்தியது. மந்திரிகளும் வெட்டுப்பட, எஞ்சிய சிப்பாய் ஆட்டம் கறுப்புக்கு வெற்றி. 58-இல் டிங் தோல்வியை ஏற்றார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன்.

எஃப்2 தான் பிழை என்று எல்லோரும் எழுதினார்கள். ஆனால் டி5-க்கு வந்த கறுப்பு மந்திரியை வெள்ளை மந்திரியால் ஏன் தவிர்க்க முடியவில்லை? இரண்டு நகர்த்தலுக்கு முன்பு, 53-இல், டிங் தன் மந்திரியை ஏ8 மூலைக்குள் கொண்டுபோய் வைத்திருந்தார். மூலையில் இருக்கும் மந்திரிக்கு ஒரே ஒரு குறுக்குக்கோடுதான். அந்தக் கோட்டில் எதிரி மந்திரி வந்து நின்றால் விலகி ஓட இடம் இல்லை. அது பலகையின் நடுவில் எங்காவது நின்றிருந்தால் இன்னொரு கோட்டில் விலகிப்போய் இந்த வெட்டைத் தவிர்த்திருக்கும். ஏ8-க்குப் போனபோது பட்டை அசையவில்லை. அதனால் யாரும் கவனிக்கவில்லை. குகேஷே எஃப்2 வந்ததும் அதன் பிழையை உடனே உணரவில்லை என்றும், வேறு நகர்த்தலை ஆடவிருந்து பிறகுதான் மூலையில் மந்திரி சிக்கியதைக் கண்டதாகவும் ஆட்டம் முடிந்து சொன்னார்.

சென்னையில் ஒரு குதிரை, சிங்கப்பூரில் ஒரு மந்திரி. இரண்டுமே தீர்ப்பு வந்த நகர்த்தலுக்கு முன்பே தம் இடத்தில் நின்றுவிட்டவை.

2013 போட்டியைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பார்வையாளர் வரிசையில் இருந்து பார்த்த ஏழு வயதுச் சிறுவன் தான் என்றும், ஒருநாள் உள்ளே உட்கார வேண்டும் என்ற ஆசை அங்கே பிறந்தது என்றும் குகேஷ் சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டுச் செஸ் வரலாற்றில் ஆனந்தின் அந்தத் தோல்விக்கு நான் தரும் இடம் இதனால் இன்னும் பெரியது. 1961-இல் மேனுவல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனதிலிருந்தும், 1972-இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியதிலிருந்தும், 1988-இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதிலிருந்தும் வெற்றிகளின் வரிசையாக அந்த வரலாற்றைச் சொல்லிப் பழகிவிட்டோம். தோல்விகளைக் கொண்டும் அதைச் சொல்லலாம். மாமல்லபுரத்தில் குகேஷ் தோற்றார். 2024 ஏப்ரலில், உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் டொரோன்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில், மறுபடியும் நேர நெருக்கடியில், அலிரேசா ஃபிரூஸ்ஜாவிடம் தோற்றார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் தனக்குப் புதுத் தெம்பு வந்ததாக அவரே பின்னர் குறிப்பிட்டார். அந்தப் போட்டியை வென்றார். அதே ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா 22-க்கு 21 புள்ளிகள் எடுத்துத் தங்கம் வென்றபோது முதல் பலகையில் 10-க்கு 9 எடுத்தவர் அவர். டிசம்பரில் சிங்கப்பூர்.

காஞ்சிபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இன்று பிள்ளைகளைச் செஸ் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பெருகியிருக்கிறார்கள். கோப்பை கேட்கும் அளவுக்கு அவர்கள் ஆட்டத்தாளைக் கேட்பதில்லை. பயிற்சி தருபவர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தோற்று வந்தால் அந்த ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதிய தாளை வாங்குங்கள். எஞ்சினைத் திறக்கும் முன், தோற்ற நகர்த்தலிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எந்தக் காய் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று பிள்ளையே சொல்லட்டும். நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களுக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது: முடிவையும் படத்தையும் போடும் இடத்தில் நான்கு வரி ஒதுக்கினால் ஒரு முழு ஆட்டத்தின் நகர்த்தல்களையும் அச்சிட்டுவிடலாம். ஒருகாலத்தில் பத்திரிகைகளிலிருந்து வெட்டி ஒட்டிய ஆட்டங்களை வைத்துத்தான் இந்த மாநிலம் செஸ் கற்றது.

வாசகரும் 2013-இன் ஒன்பதாவது ஆட்டத்தைத் தேடி எடுத்து, ஒரு பலகையில் அடுக்கிப் பாருங்கள். 22-ஆவது நகர்த்தல் வந்ததும் நிறுத்துங்கள். வெள்ளை பக்கம் உட்கார்ந்து, ஐந்துக்கு மூன்று என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, நீங்கள் என்ன ஆடியிருப்பீர்கள் என்று அரை மணி நேரம் யோசியுங்கள்.